பேஷன்ட் கட்டிலில் வசந்தா மேடம்

…வீடு வீடாகக் கேள்வி கேட்க நாலு நர்சிங் பிள்ளைகள் வந்தார்களே, அதில் ஒரு கண்ணாடிக்காரப் பெண் இருந்தாளே அம்சா, அவள்தான் உன் மாமியாரின் காதுக்குள் வாயை விட்டுக் கத்தினவள்.

"பாட்டீ, நூறுலருந்து ஏழு ஏழா கழிச்சிக்கினே வாங்க பாட்டீ."

உன் மாமியார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "நூறு ஆரோடது?" என்றாள்.

"யாரோடதும் இல்ல பாட்டி, சும்மா கணக்குக்கு."

"ஆரோடதுன்னு தெரியாம நான் எதுக்கும்மா அதுல கை வெக்கணும்? அப்பால ஏழு கொறையுதுன்னு என் மேல சொல்லுவீங்க."

அந்தப் பெண் பக்கத்தில் நின்றவளிடம், உன் மாமியார் எதிரிலேயே, "இவங்களுக்கு டிமென்ஷியா இருக்குதுடி, நோட் பண்ணிக்கோ" என்கிறாள். நான் மட்டும் அப்போது தெருவில் இல்லாமல் போயிருந்தால், உன் மாமியாருக்கு மறதி நோய் என்று இந்நேரம் அனந்தபுரம் வரைக்கும் சேதி போயிருக்கும். மறதியா அவளுக்கு? உன் கல்யாணப் பந்தியில் உன் அண்ணன் அவளுக்கு வடை வைக்காமல் நகர்ந்ததை இன்றைக்கும் இலையோடு சேர்த்துச் சொல்கிறவள் அவள். நான் வாசலுக்கு வந்து, "ஏம்மா, கணக்குத் தெரியுமான்னு மொதல்ல கேட்டியா? காது கேக்குதான்னு கேட்டியா?" என்றேன். நாலு வெள்ளைக் கோட்டும் திருதிருவென்று விழித்தன. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கோட்டு மாறுகிறது, கண்ணாடி மாறுகிறது, கேள்வி மட்டும் மாறவே மாட்டேன் என்கிறது.

நீ வேறு உன் பெண்ணை நர்சிங் சேர்க்கலாமா என்று கேட்கிறாய். சேர்த்துவிடு, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படிப்புப் படிக்கிறதுகளை நான் பார்த்த பார்வை வேறு. ஊரெல்லாம் அவர்களை நின்றுகொண்டு பார்த்தது. நான் படுத்துக்கொண்டு பார்த்தேன்.

என் வேலை அப்படி. வீட்டுக்காரர் போன பிறகு, நம் ரோட்டோரம் இருந்த நர்சிங் காலேஜில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்தேன். பேர் வேண்டாம், அவர்களும் பிழைக்கட்டும். முதலில் விளக்குமாறு, பிறகு பெட்ஷீட் மடிப்பது, பிறகு பிராக்டிகல் ரூம் சாவி. அப்புறம்தான் எனக்கு அந்தப் பெரிய பதவி வந்தது. பேஷன்ட்.

சிரிக்காதே, கேள். காய்ச்சல், கட்டு என்றால் ஆஸ்பத்திரியில் ஆள் கிடைக்கும். மறதி நோய்க்கு எங்கே போவது? வீட்டில் அப்படி ஒருத்தர் இருந்தால் நம் ஜனங்கள் வெளியே காட்டுவார்களா? பெண் கொடுக்க மாட்டார்கள், பெண் எடுக்க மாட்டார்கள் என்று கதவைச் சாத்தி வைப்பார்கள். ஆனால் பரீட்சைக்கு ஆள் வேண்டுமே. அதனால் பிராக்டிகல் ரூம் கட்டிலில் என்னை உட்கார வைத்து, எனக்கு மறதி நோய் என்று வைத்துக்கொள்வார்கள். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வந்து என்னைக் கேள்வி கேட்பார்கள். வெளியூரிலிருந்து ஒரு எக்ஸ்டர்னல் சார் வந்து மார்க் போடுவார். நடுவில் அவருக்கு டீ கொண்டுவருவதும் நான்தான். நோயாளியே எழுந்து போய் டீ வாங்கி வருகிற ஆஸ்பத்திரி உலகத்திலேயே அது ஒன்றுதான்.

எனக்கு அந்த வேஷத்தைச் சொல்லிக் கொடுத்தவர் வசந்தா மேடம். மனநலப் பாடம் எடுக்கிறவர், ஹாஸ்டலுக்கும் அவரே வார்டன். அவலூர்பேட்டைக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அங்கேயே ஒரு ரூமில் இருந்தார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, இடது தோளில் ஒரே ஒரு பின். சத்தமாகப் பேச மாட்டார். திட்டுவதென்றாலும் தோளில் இருக்கிற பின்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, மெதுவாகத்தான் திட்டுவார். அந்தக் கை பின்னுக்குப் போனாலே பிள்ளைகளுக்கு வேர்த்துவிடும். பெட்ஷீட்டில் ஒரு சுருக்கம் இருந்தால் சோறு இறங்காது அவருக்கு.

முதல் நாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, கண்ணை உருட்டி, ஹாவென்று சிரித்தேன். மாரியம்மன் கோயில் கூத்தில் பார்த்ததையெல்லாம் காட்டினேன். பிள்ளைகள் கை தட்டின. மேடத்தின் கை பின்னுக்குப் போனது.

"பச்சையம்மா, எழுந்திரு. தலைய முடி. இது பேய் ஓட்டற எடம் இல்ல."

"மறதி நோயின்னீங்களே மேடம்."

"மறந்து போறவங்க அத வெளிய காட்டிக்க மாட்டாங்க. மறைப்பாங்க. மரியாதையா பேசுவாங்க, சிரிப்பாங்க. கேட்டதுக்குப் பதில் தெரியலன்னா கேள்வியத் திருப்பி விடுவாங்க. 'இன்னிக்கி என்ன கிழமை'ன்னு கேட்டா, 'ஏன், உனக்குத் தெரியாதா?'ன்னு கேளு. இல்லன்னா, 'வயசானவளுக்கு எல்லா நாளும் ஒண்ணுதாம்மா'ன்னு சொல்லு. புரியுதா?"

புரிந்தது. இது கூத்தைவிட நல்ல வேஷம். நானும் சின்ன வயசிலிருந்து கடன்காரனிடமும் மாமியாரிடமும் அப்படித்தானே கேள்வியைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார் மேடம். மாம்பழம், சாவி, குடை என்று மூன்று வார்த்தை சொல்வார்கள். கொஞ்ச நேரம் வேறு பேசிவிட்டுத் திரும்பக் கேட்பார்கள். நான் மாம்பழத்தையும் சாவியையும் சொல்லிவிட்டு, குடைக்கு மட்டும் தடுமாற வேண்டும். இன்னொன்று, கட்டிலில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். ஏனென்றால் ஜன்னலில் ராஜகிரி மலை அப்படியே தெரியும். இப்போது எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று கேட்டால், எதுவுமே ஞாபகமில்லாதவன்கூடக் கோட்டையைப் பார்த்துச் செஞ்சி என்று சொல்லிவிடுவான். "கோட்டை காட்டிக் குடுக்கும் பச்சையம்மா, திரும்பி உக்காரு" என்பார்.

சரி, பிள்ளைகளுக்கு வருகிறேன். இந்தப் பாடத்தை ஒருத்தியும் மதிக்க மாட்டாள். ஊசி இல்லை, ரத்தம் இல்லை, இது என்ன நோய் என்று ஒரு இளக்காரம். பாதிப் பேருக்கு, வயசானால் எல்லாருக்கும் வருகிறதுதானே என்று நினைப்பு. மீதிப் பேருக்கு இது பைத்தியம் என்று பயம். ஒருத்தி வந்தாள், என்னிடம் கொஞ்சிக் கொஞ்சிப் பேசினாள். "ஆயாம்மா செல்லம், ஆ காட்டுங்க, மம்மு சாப்டீங்களா?" நான் நாலு பிள்ளை பெற்றவள். எனக்கு மம்முவாம். இன்னொருத்தி, நான் கட்டிலிலிருந்து விழாமல் இருக்க வேண்டும் என்று பேண்டேஜ் துணியால் என் இரண்டு கையையும் கம்பியோடு கட்டினாள். கட்டிவிட்டு மெஸ்ஸுக்கு எலுமிச்சை சாதம் சாப்பிடப் போய்விட்டாள். நான் அங்கே கிடந்து கத்துகிறேன், வராந்தாவில் போகிறவர்களெல்லாம் "ஆயாம்மா சூப்பரா நடிக்கிறாங்கடி" என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள்.

இதையும் கேள். ஒருத்தி என்னிடம் ஒரு அட்டையை நீட்டி, படித்து அதன்படி செய்யச் சொன்னாள். நான் சும்மா இருந்தேன். எழுதுங்கள் என்றாள். சும்மா இருந்தேன். நோய் முற்றிவிட்டது என்று எக்ஸ்டர்னலிடம் சொல்லிவிட்டாள். மேடம் அவளைப் பார்த்தார்.

"அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமான்னு கேட்டியா?"

"இல்ல மேடம்."

"எந்த நோயி முத்திப் போச்சி இப்ப? அவங்க நோயா, உன்னுதா?"

ரொம்ப நாளைக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன் நான்.

நான் வேலையிலிருந்து நிற்பதற்கு முந்தின வருஷம் ஒரு செட் வந்தது. அதில் ஹரிணி என்று ஒருத்தி. எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாள், வகுப்பில் முதல். கலைவாணி என்று ஒருத்தி, அவள் முந்தின வருஷமே இந்தப் பரீட்சையில் கோட்டை விட்டு, அரியரோடு இவர்களுடன் சேர்ந்து உட்கார்ந்திருந்தாள். பேச மாட்டாள். கேட்டால் பதிலுக்கு முன்னால் ஒரு மூச்சு விடுவாள், அதற்குள் எக்ஸ்டர்னல் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். எனக்கு அவளைக் கண்டாலே எரிச்சல். "ஏம்மே, வாயில கொழுக்கட்டையா?" என்பேன். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஏதோ கிராமம். இந்தத் தடவையும் போனால் படிப்பை நிறுத்தி மாமன் பிள்ளைக்குக் கட்டி வைத்துவிடுவதாக அவள் நைனா சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்த மாமன் பிள்ளை ஒரு நாள் ஹாஸ்டல் வாசலில் பைக்கை உறுமவிட்டுக்கொண்டு நின்றான். நான்தான் விரட்டினேன், அது வேறு கதை.

அந்த வருஷம் வசந்தா மேடம் மறதி நோய்ப் பாடத்தை நடத்தினார். அந்த வாரமே திரும்ப நடத்தினார். மறுபடியும் நடத்தினார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் அதே பாடம், அதே உதாரணம், அதே இடத்தில் அதே தண்ணீர் குடிப்பு. நான் வராந்தா துடைத்துக்கொண்டு கேட்டேன். இந்த மரமண்டைகளுக்கு ஒரு தடவையில் ஏறாது என்று அடித்து அடித்து ஏற்றுகிறார் போல, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? சந்தோஷப்பட்டார்கள். ஹரிணி பாத்ரூம் பக்கம் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொல்கிறாள், "யாரும் மேடம்கிட்ட சொல்லிடாதீங்கடி. அடுத்த பாடம் ரொம்பப் பெருசு. இதையே நடத்தினாங்கன்னா போர்ஷன் கொறைஞ்சிடும்." அப்புறம் வகுப்புக்குள் போய், மறதி நோயின் முதல் அறிகுறி என்ன என்று மேடம் கேட்டதும், அத்தனை பேரும் சேர்ந்து ராகமாகச் சொன்னார்கள், ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல் என்று. வெரி குட் என்றார் மேடம். மறுநாள் மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னார்கள். அதற்கும் வெரி குட் என்றார். இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

பரீட்சை நாள் வந்தது. எக்ஸ்டர்னல் சார் கொஞ்சம் குண்டு, ஏசி இல்லையா என்று வந்ததும் கேட்டவர், டீயில் சர்க்கரை தூக்கலாக இருக்க வேண்டும். நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். ஹரிணி வந்தாள். என் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. சார் முகத்தைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டாள். நான் குடைக்குத் தடுமாறினேன், அவள் முடித்தாள், சார் சபாஷ் என்றார். இப்படியே ஒவ்வொருத்தியாகப் போனது. கலைவாணியின் முறை வருவதற்கு முன்னால் சார் கொட்டாவி விட்டார். டீ என்று அர்த்தம். நான் எழுந்து போனேன்.

திரும்பி டீ டிரேயோடு வந்து பார்த்தால், என் கட்டிலில் வசந்தா மேடம் உட்கார்ந்திருக்கிறார்.

நான் எழுந்த இடத்தில் பெட்ஷீட் சுருங்கியிருக்கும், அதைச் சரி பண்ணப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எதிரில் கலைவாணி நிற்கிறாள். சாருக்கு ஒரே குஷி. "ஓ, மேடமே பேஷன்டா? வெரி நைஸ். ஸ்டார்ட் பண்ணும்மா" என்கிறார். கதவு இடுக்கில் மற்றப் பிள்ளைகளின் தலை. எனக்கு எப்படி இருந்திருக்கும்? இத்தனை வருஷமாக என் கட்டில், என் வேஷம். டீ ஆறட்டும் என்று அங்கேயே நின்றுவிட்டேன், என்னைவிட எப்படி நடித்துவிடுவார், பார்க்கலாம் என்று.

கலைவாணி மூன்று வார்த்தையைச் சொன்னாள். இது எந்த ஊர் என்று கேட்டாள். மேடம் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "செஞ்சி" என்றார். என்ன கிழமை? மேடம் சிரித்தார். "ஏன், உனக்குத் தெரியாதா?" கதவுப் பக்கம் கிக்கிக்கென்று சிரிப்பு. நானே மனசுக்குள், அட, என் வசனம் என்று நினைத்தேன். அப்புறம் அந்த மூன்று வார்த்தையைக் கேட்டாள். மேடம் வாயைத் திறந்தார். மூடினார். கை பின்னுக்குப் போனது. "நான் சொல்லிக் குடுத்தத என்கிட்டயே கேக்கறியா நீ?" என்றார். பிள்ளைகள் கை தட்டிவிட்டார்கள். சாரும் தட்டினார்.

மேடம் எட்டிக் கலைவாணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அவலூர்பேட்டை பஸ்ஸு வந்துடுச்சா? அம்மா எனக்காக சாப்பிடாம உக்காந்திருக்கும்."

கலைவாணி வழக்கம்போல ஒரு மூச்சு விட்டாள். அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு, மேடத்தின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தாள். "இன்னும் வரல மேடம். வந்தா நான் சொல்றேன். தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள். என் டிரேயிலிருந்து தண்ணீர் டம்ளரை எடுத்துக் கொடுத்தாள். "போதும் சார், நான் நிறுத்திக்கறேன்" என்றாள்.

"ஏம்மா? பாதி கேள்வி பாக்கி இருக்கே."

"மேடம் டயர்டா இருக்காங்க சார்."

"அது நடிப்பும்மா. நீ ப்ரொசீஜர கம்ப்ளீட் பண்ணணும். பண்றியா, இல்லையா?"

"இல்ல சார்."

"அப்ப ஃபெயில்தான். போ. நெக்ஸ்ட்."

மேடம் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தார். பெட்ஷீட்டை இழுத்துவிட்டு, சாருக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து, அடுத்த பெண்ணின் பேரைச் சரியாகக் கூப்பிட்டார். நான் கட்டிலில் ஏறினேன்.

இடைவேளையில் கலைவாணியைத் தண்ணீர்த் தொட்டி ஓரம் பிடித்தேன். "ஏம்மே, உனக்குக் கொஞ்சமாவது இருக்குதா? நாலு கேள்வி கேட்டுட்டு வந்திருந்தா பாஸு. மாமன் புள்ள மேல அவ்ளோ ஆசையா?"

"ஆயாம்மா, மேடம் நடிக்கல."

"போமே. என்னைவிட சூப்பரா நடிச்சாங்க."

"பஸ்ஸுன்னு சொன்னாங்களே. அது உங்க பாடத்துல இருக்குதா?"

என் பாடத்தில் பஸ் இல்லை. காத்துக்கொண்டிருக்கிற அம்மாவும் இல்லை. மேடத்தின் அம்மா செத்துப் போய் எத்தனையோ வருஷம், கருமாதிக்கு நானே போய்ச் சோறு தின்றுவிட்டு வந்தேன்.

"போன வருஷமும் இந்தப் பாடத்த நான் கேட்டேன் ஆயாம்மா. அப்ப ஒரே ஒரு தடவதான் நடத்தினாங்க" என்றாள். "என் கைய எப்டி புடிச்சாங்க தெரியுமா? அதுக்கு மேல கேள்வி கேட்டா அவங்கள எல்லார் முன்னாடியும் துணி இல்லாம நிக்க வெக்கற மாதிரி. நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்க. அவங்களுக்கு வேல போயிடும். காலேஜவிட்டா எங்க போவாங்க?"

"உனக்குப் படிப்பு போயிடுமே."

வழக்கம்போல ஒரு மூச்சு விட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

சொல்லாதே என்றால் நான் சொல்லாமல் இருக்கிறவளா? நேராக மேடத்தின் ரூமுக்குப் போனேன். மேடம் தயிர் சாதத்தைப் பிசைந்தபடி இருந்தார்.

"மேடம், காலைல கலைவாணிக்கி நீங்கதான பேஷன்டா உக்காந்தீங்க?"

"நானா? நீதானே உக்காந்த."

"நான் டீ எடுக்கப் போயிட்டேன் மேடம்."

மேடம் கையைக் கழுவினார். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். கதவைச் சாத்தினார். "நான் உக்காந்தேன்னா, என்ன பண்ணேன்? நடிச்சிக் காட்டு" என்றார்.

அம்சா, எத்தனையோ பேர் முன்னால் அந்த வேஷத்தைப் போட்டவள் நான். அன்றைக்கு அவருடைய கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தேன். "உக்காரு பச்சையம்மா. தெரிஞ்சத செய்" என்றார். உட்கார்ந்தேன். ஜன்னல் பக்கம் பார்த்துச் செஞ்சி என்றேன். ஏன், உனக்குத் தெரியாதா என்று சிரித்தேன். வாயைத் திறந்து மூடினேன், தோளில் பின் இருக்கிற இடத்தைத் தொட்டேன், எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸைக் கேட்டேன். அம்மா சாப்பிடாமல் இருக்கும் என்றேன். அவர் எப்படிச் சொன்னாரோ அந்தக் குரலிலேயே சொன்னேன். எனக்கு அது ஒன்றுதான் வரும்.

மேடம் எதிரில் நின்று, பரீட்சையில் பார்ப்பது போலவே, தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு கடைசிவரைக்கும் பார்த்தார். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"இது நான் உனக்குச் சொல்லிக் குடுத்தது இல்ல" என்றார்.

"இல்ல மேடம்."

"நல்லா பாத்து வெச்சிருக்க." துண்டை நாலாக மடித்து வைத்தார். "எல்லாரும் கை தட்டினாங்களா?"

"தட்டினாங்க."

"அந்தப் பொண்ணு மட்டும் நிறுத்திட்டா."

"ஃபெயிலுன்னு சொல்லிட்டாரு மேடம்."

மேடம் முகத்தைக் கழுவினார். பின்னைக் கழற்றி, மடிப்பை எடுத்துத் திரும்பக் குத்திக்கொண்டார். "மார்க்க சீல் வெச்சி அனுப்பறதுக்குள்ள போகணும், வா" என்றார். தயிர் சாதம் அப்படியே இருந்தது.

பிராக்டிகல் ரூமில் சார் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் எல்லாம் மார்க் தெரியுமா என்று சுவரோரம் நின்றார்கள். கலைவாணி கடைசியில். மேடம் நேராகப் போய், "சார், காலைல நான் நடிக்கல. எனக்கே டிமென்ஷியா ஆரம்பிச்சிருக்குன்னு நினைக்கறேன். அந்தப் பொண்ணு அதக் கண்டுபுடிச்சிட்டு நிறுத்தினா. அவ செஞ்சது சரி" என்றார். சத்தம் ஏறவில்லை, இறங்கவில்லை. பாடம் நடத்துகிற குரல்.

சார் டீயை வைத்துவிட்டார். "மேடம், வேலை டென்ஷன், வேற ஒண்ணும் இல்ல. எனக்கும்தான் சாவி மறந்து போகுது. இத ஏன் பிள்ளைங்க முன்னாடி? அந்தப் பொண்ணுக்கு வேணா நான் பாஸ் மார்க் போட்டுடறேன், விடுங்க."

"வேணாம் சார். பாவம் பாத்துப் போடற மார்க்கு வேணாம். அவ வேலையப் பாத்துப் போடுங்க." திரும்பினார். "கலைவாணி, வா. காலைல விட்ட எடத்துலருந்து கேளு."

கலைவாணி நகரவில்லை. "என்னால முடியாது மேடம்" என்றாள்.

"காலைல என்ன டெஸ்ட் பண்ணுன்னு நான் கேக்கல, நீ நிறுத்தின. சரி. இப்ப நான் கேக்கறேன். பேஷன்ட் சம்மதிச்சா செய்யணும். வா."

மேடம் கட்டிலில் போய் உட்கார்ந்தார். தானே திரும்பி, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மலை அவருக்குப் பின்னால் போய்விட்டது.

கலைவாணி ஸ்டூலைப் போட்டாள். கண்ணாடி போட்டிருக்கிறீர்களா மேடம், சாப்பிட்டீர்களா, தலை வலிக்கிறதா என்று ஒவ்வொன்றாக முதலில் கேட்டாள். கதவைச் சாத்தச் சொன்னாள். அப்புறம் வார்த்தை சொன்னாள். மாம்பழம், சாவி, குடை இல்லை. அது மேடமே தேர்ந்தெடுத்தது, தூக்கத்தில்கூட வரும். இவள் புதிதாக, ஏணி, கொய்யா, வெள்ளி என்று மூன்று சொன்னாள். ஊர் எது என்று கேட்டாள். கொஞ்சம் தாமதமாகச் செஞ்சி வந்தது. கிழமையைக் கேட்டாள். மேடத்தின் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது, அம்சா, கேள்வியைத் திருப்பி விடுகிற சிரிப்பு. வந்து, அப்படியே நின்று, போய்விட்டது.

"தெரியல" என்றார்.

வருஷம் வந்தது. மாதம் வரவில்லை. கலைவாணி சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை, அடுத்ததைக் கேட்டாள். கடைசியில் அந்த மூன்று வார்த்தை. மேடம் கண்ணை மூடி யோசித்தார். கை பின்னுக்குப் போகப் பார்த்தது. மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் ஞாபகம் வரல கலைவாணி."

"பரவால்ல மேடம். முடிஞ்சிடுச்சி. டாக்டரப் போய்ப் பாக்கலாம். சில மறதிக்கு மருந்து இருக்குது, அத மொதல்ல பாக்கணும். நான் கூட வரேன்" என்றாள். அவள் வாயிலிருந்து அவ்வளவு பேச்சு சேர்ந்தாற்போல் வந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

சார் பேனாவை எடுத்து ஏதோ அடித்தார், ஏதோ எழுதினார். மேடம் எட்டிப் பார்த்து, சரி என்று தலையசைத்தார்.

அப்போது சுவரோரம் ஒரு கை உயர்ந்தது. ஹரிணி. "சார், இது அன்ஃபேர் சார்."

"என்னம்மா?"

"அவளுக்கு மட்டும் ரியல் பேஷன்ட். எங்களுக்கெல்லாம் ஆயாம்மா. ரியல் பேஷன்ட் குடுத்திருந்தா நாங்களும் கண்டுபுடிச்சிருப்போம்."

எனக்கு வந்த கோபத்தில் பெட்பேனைத் தூக்கியிருப்பேன். மேடம் கோபப்படவில்லை. அவளை நன்றாகப் பார்த்தார்.

"இந்த வருஷம் பூரா உங்க முன்னாடிதானே நின்னுக்கினு இருந்தேன் ஹரிணி" என்றார்.

ஒருத்தி தலை குனிந்தாள். ஒருத்தி அழுதாள். பின்னாலிருந்து ஒருத்தி, "சார், எங்க மார்க் இன்னிக்கே சொல்லுவீங்களா, எங்களுக்கு அஞ்சு மணிக்கு பஸ்ஸு" என்றாள். படிப்பு என்றால் இதுதான். முதல் மார்க் வாங்கினவள் இப்போது எங்கேயோ பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம். அங்கே படுக்கிறவர்களை அந்த ரங்கநாதர் காப்பாற்றட்டும்.

வசந்தா மேடம் அந்த வாரமே தானாக எழுதிக் கொடுத்துவிட்டு, அவலூர்பேட்டையில் தங்கச்சி வீட்டுக்குப் போனார். கரஸ்பாண்டென்ட் நிம்மதியாக மாலை போட்டு அனுப்பினார். உங்களை எங்களால் மறக்கவே முடியாது என்று ஹரிணி மைக்கில் பேசினாள். "நான் மறந்துடுவேன், கோச்சிக்காதீங்க" என்றார் மேடம். கலைவாணிதான் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். மருந்தில் தீருகிற மறதி இல்லை என்று தெரிந்தது. அவள் நைனாவிடம் நானே போனில் பேசினேன், உங்கள் பெண் பாஸ், மாமன் பிள்ளையை வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள் என்று. இப்போது காலேஜில் பேஷன்ட் கட்டிலில் பொம்மை வாங்கிப் போட்டிருக்கிறார்களாம். பொருத்தம்தான். கேட்கிறவளும் அதுதானே.

போன வாரம் பஸ் ஏறி மேடத்தைப் பார்க்கப் போனேன். கலைவாணிக்கு லீவு போல, மேடத்தின் நகத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். என்னை மேடத்துக்குத் தெரியவில்லை. அவளையும் தெரியவில்லை.

"நீ யாரு?" என்கிறார்.

"உங்க ஸ்டூடன்ட் மேடம்."

"பாஸா?"

"பாஸ் மேடம்."

"யார் போட்டது மார்க்கு?"

"நீங்கதான் மேடம் போட வெச்சீங்க."

நல்லது என்று தலையசைத்தார். அடுத்த விரல் நகத்தை வெட்டுவதற்குள் மறுபடியும் கேட்டார், பாஸா என்று. அவள் நிமிர்ந்து, முதல் தடவை கேட்கிறவளுக்குச் சொல்வது போல, பாஸ் மேடம் என்றாள். நான் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க இதுதான். எனக்கே சலித்துவிட்டது. அவளுக்குச் சலிக்கவில்லை. மேடமும் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சந்தோஷப்பட்டார்.

உன் பெண் அப்படிப் படிப்பாள் என்றால் சேர்த்துவிடு அம்சா, இல்லையென்றால்… ஐயோ, குழாயில் காற்று வருகிறது பார். தண்ணீர் விட்டுவிட்டான். உன் குடத்தையும் கொண்டு வந்து என் குடத்துக்குப் பின்னாடி வை, கோடி வீட்டுக்காரி முந்திக்கொள்வாள், ஓடு.